டிடிஎச் சிக்னல் கோளாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொட்டை மாடியில் 60 செ.மீ. டிஷ் வைத்து டிவி பார்க்கும் வீடுகளுக்கானது இந்தப் பக்கம். டாடா பிளே, ஏர்டெல், சன் டைரக்ட், டிஷ் டிவி, டி2எச், தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் என்று பெயர் எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான். கேபிள் இணைப்பு வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒயர், கனெக்டர் பற்றிய பகுதி மட்டும் பயன்படலாம். டிஷ்ஷைத் திருப்ப வேண்டிய கோணங்கள் சென்னைக்கும் மதுரைக்கும் கணக்கிட்டவை. மற்ற ஊர்களில் சில டிகிரி முன்பின் இருக்கும்.

படம் கட்டம் கட்டமாக உடைகிறது. மாடிக்கு ஏறும் முன் எதைப் பார்ப்பது?

ரிமோட்டை எடுத்து பெட்டியின் சிக்னல் பக்கத்துக்குப் போங்கள். செட்டிங்ஸ், சிஸ்டம் இன்ஃபோ, இன்ஸ்டலேஷன் என்று பெட்டிக்குப் பெட்டி பெயர் மாறும். ஃப்ரீ டிஷ் பெட்டிகள் பாஸ்வேர்டு கேட்டால் பெரும்பாலும் 0000 தான். அங்கே இரண்டு பட்டைகள் தெரியும்: சிக்னல் ஸ்ட்ரெங்த், சிக்னல் குவாலிட்டி. முக்கால்வாசிக் கோளாறை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

ஸ்ட்ரெங்த் என்பது ஒயர் வழியாகப் பெட்டிக்குள் வந்து சேரும் மொத்த ஆற்றல். அதில் இரைச்சலும் அடக்கம். டிஷ் வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும், எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் நீட்டிய கையில் மாட்டியிருக்கும், சிக்னலை வாங்கும் கருவி) தன் சொந்த இரைச்சலைப் பெருக்கி அனுப்பும். ஸ்ட்ரெங்த் பட்டையும் கம்பீரமாக நிற்கும். குவாலிட்டிதான் அந்த ஆற்றலில் பெட்டியால் பிரித்தெடுக்க முடிகிற உண்மையான சிக்னலைச் சொல்வது.

ஸ்ட்ரெங்த் நன்றாக இருந்து குவாலிட்டி பூஜ்யம் என்றால் ஒயரும் எல்என்பியும் அநேகமாக உயிரோடு இருக்கின்றன. டிஷ் திசை தப்பியிருக்கிறது, அல்லது எதிரே ஏதோ மறைக்கிறது. இரண்டுமே பூஜ்யம் என்றால் டிஷ்ஷைத் தொட வேண்டாம். ஒயர், கனெக்டர், எல்என்பி, பெட்டியின் சப்ளை இவற்றில் ஒன்று செத்திருக்கிறது. இரண்டும் ஏறி இறங்கி ஆடினால் லூஸ் கனெக்‌ஷன், அல்லது காற்றில் டிஷ் ஆடுகிறது. ஸ்ட்ரெங்த் நிலையாக இருக்க, குவாலிட்டி மட்டும் சில வாரங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருந்தால் மரக்கிளை வளர்ந்திருக்கும், எல்என்பி மூடிக்குள் தண்ணீர் போயிருக்கும், அல்லது டிஷ் தன் எடையாலேயே மெல்லத் தாழ்ந்திருக்கும்.

'எத்தனை சதவீதம் இருக்க வேண்டும்' என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் பட்டையைத் தன் இஷ்டத்துக்கு அளவிட்டிருக்கிறது. ஒரு பெட்டியில் 60 அருமையான சிக்னல். இன்னொன்றில் 60 என்றால் தூறலுக்கே படம் போய்விடும். அதனால், எல்லாம் ஒழுங்காக ஓடுகிற ஒரு வெயில் நாளில் இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்கு அடியில் ஒட்டி வையுங்கள். கோளாறு வரும் நாளில் ஒப்பிட்டுப் பார்க்க அதைவிடச் சிறந்த அளவுகோல் கிடைக்காது.

ரீசார்ஜ் தீர்ந்ததா, சிக்னல் போனதா என்று எப்படிப் பிரிப்பது?

குவாலிட்டி பட்டை வழக்கமான அளவில் நின்று, சில சேனல்களில் மட்டும் சந்தா பற்றிய அறிவிப்பு வந்தால் அது கணக்குப் பிரச்சினை. பெட்டியை அணைத்துப் போட்டு, பத்து நிமிடம் காத்திருந்து, பிறகு கம்பெனியைக் கூப்பிடுங்கள்.

பக்கத்து வீட்டிலும் வரவில்லை. அப்படியானால்?

அதே கம்பெனி இணைப்பா என்று முதலில் கேளுங்கள். அதே கம்பெனிதான், மழையும் இல்லை என்றால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதே நல்லது. கோளாறு வானத்திலேயே நேர்வதும் உண்டு. 2010 ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளின் மின்வழங்கலில் பழுது ஏற்பட்டு, அதன் டிரான்ஸ்பாண்டர்களில், அதாவது சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவிகளில், பாதியை நிறுத்த வேண்டியதாயிற்று. அதே நேரத்தில் டிஷ்ஷைத் திருகிக்கொண்டிருந்தவர்கள், சரியாக இருந்த திசையையும் கெடுத்துக்கொண்டதுதான் மிச்சம்.

இரண்டு பட்டையும் பூஜ்யம். ஒயரை எப்படிச் சோதிப்பது?

முதலில் பெட்டியின் மெயின் சுவிட்சை அணையுங்கள். ஸ்டாண்ட்பையில் போட்டால் போதாது. ஒயரில் எல்என்பிக்கான மின்சாரம் போய்க்கொண்டிருக்கும்போது கனெக்டரைக் கழற்றினால், நடுக்கம்பி வெளி வலையில் உரசி ஷார்ட் ஆகலாம். அதில் பெட்டியின் எல்என்பி சப்ளை போய்விட்டால் செலவு இரட்டிப்பாகும்.

பெட்டிக்குப் பின்னால் உள்ள கனெக்டரைக் கழற்றி, நடுக்கம்பி பளபளப்பாக இருக்கிறதா, பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். மாடிக்குப் போய் எல்என்பி பக்கத்து கனெக்டரையும் அப்படியே பாருங்கள். பிறகு எல்என்பி முனையைத் தனியே கழற்றி வைத்துவிட்டு, பெட்டியை ஆன் செய்யச் சொல்லி, மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து நடுக்கம்பிக்கும் வெளி உலோகத்துக்கும் இடையே அளவெடுங்கள். சேனலைப் பொறுத்து 13-14 அல்லது 18-19 வோல்ட் காட்ட வேண்டும். ஒன்றுமே இல்லையென்றால் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது பெட்டியிலிருந்தே சப்ளை வரவில்லை. பெட்டியின் பின்பக்கத் துளையிலேயே அளந்தால் எது என்று தெரிந்துவிடும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒயர் உள்ளே அரித்துப் போயிருந்தாலும், சுமை இல்லாதபோது மீட்டர் 18 காட்டும். எல்என்பியை மாட்டியதும் அது 100 முதல் 200 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும், வோல்ட்டேஜ் சரிந்துவிடும். ஒயரில் 20 ஓம் மின்தடை இருந்து, எல்என்பி 150 மில்லி ஆம்பியர் எடுத்தால் 3 வோல்ட் வழியிலேயே போய்விடும். ஆகவே மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். உறுதியான சோதனை இதுதான்: பெட்டியையும் ஒரு சின்ன டிவியையும் மாடிக்கே கொண்டுபோய், நல்லதென்று தெரிந்த 2 மீட்டர் ஒயரால் எல்என்பியோடு நேரடியாக இணையுங்கள். படம் வந்தால் பழைய ஒயர்தான் குற்றவாளி. வராவிட்டால் எல்என்பி.

எந்த ஒயர் வாங்குவது? எவ்வளவு நீளம் வரை தாங்கும்?

ஆர்ஜி-6, 75 ஓம். டிவி கடைகளில் கிடைக்கும் மெலிந்த கேபிள் டிவி ஒயர் வேண்டாம். டிஷ்ஷிலிருந்து வரும் சிக்னல் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை இருக்கும். அந்த அதிர்வெண்ணில் நல்ல ஆர்ஜி-6கூட 100 மீட்டருக்கு 20 முதல் 30 டெசிபல் தின்றுவிடும். 30 மீட்டருக்குள் முடித்தால் கவலையில்லை. நீளம் அதைத் தாண்டினால் நடுக்கம்பி முழுச் செம்பாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். மலிவு ஒயர்களில் இரும்புக் கம்பிக்குச் செம்பு முலாம்தான் பூசியிருப்பார்கள். கத்தி நுனியால் சுரண்டினால் வெள்ளை தெரியும், காந்தம் ஒட்டும்.

பழைய ஒயரோடு புதியதைப் பேரல் (இரண்டு கனெக்டர்களை இணைக்கும் துண்டு) போட்டு ஒட்டுவதைத் தவிருங்கள். ஒட்டியே ஆக வேண்டுமென்றால் அந்த ஒட்டு வீட்டுக்குள் இருக்கட்டும். வெயிலிலும் மழையிலும் கிடக்கும் ஒட்டு எத்தனை டேப் சுற்றினாலும் ஒருநாள் தண்ணீர் குடிக்கும்.

ஒயர் முனையில் போடும் எஃப் கனெக்டரை ஒழுங்காக மாட்டுவது எப்படி?

வீட்டு டிஷ் கோளாறுகளில் பெரும்பகுதி ஒயரின் கடைசிச் சாண் நீளத்தில்தான் இருக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

ஒயர் முனையை நேராக வெட்டுங்கள். வெளித்தோலை 15 மி.மீ. அளவுக்கு உரித்து, வலைப்பின்னலைப் பின்னால் மடித்து வெளித்தோல்மேல் படிய விடுங்கள். அலுமினியத் தாளைக் கிழிக்க வேண்டாம். வெள்ளை நுரையோடு ஒட்டியே இருக்கட்டும். முனையில் 8 மி.மீ. அளவுக்கு நுரையை நீக்கி நடுக்கம்பியை வெளியே விடுங்கள். உரிக்கும்போது பிளேடு கம்பியில் கீறல் போட்டுவிட்டால், திரும்பவும் வெட்டி முதலிலிருந்து ஆரம்பியுங்கள். கீறிய இடத்தில்தான் ஆறு மாதம் கழித்து உடையும். கனெக்டரைச் செருகியபின், வெள்ளை நுரை உள்ளே தெரியும் உலோகத் தரைக்குச் சமமாக நிற்க வேண்டும். நடுக்கம்பி கனெக்டரின் விளிம்பைத் தாண்டி 2 முதல் 3 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குறைந்தால் தொடாது. மிகுந்தால் எல்என்பிக்குள் உள்ள பிடியை வளைத்துவிடும்.

கடைசியாக ஒன்றைப் பார்க்காமல் விடாதீர்கள். வலைப்பின்னலின் ஒரே ஒரு நூல், தலைமுடி கனத்தில், உள்ளே போய் நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அது போதும், இரண்டு பட்டையையும் பூஜ்யமாக்க. வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள்.

திருகி மாட்டும் கனெக்டரைவிட அழுத்தி இறுக்கும் கம்ப்ரெஷன் கனெக்டர் நல்லது; அதற்குத் தனிக் கருவி வேண்டும். எல்என்பியில் மாட்டியபின் ரப்பர் பூட் இருந்தால் ஏற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். சாதாரண பிவிசி டேப் சித்திரை வெயிலில் பசை உருகி அவிழ்ந்துவிடும். ஒயரை எல்என்பியிலிருந்து நேராகக் கீழே இழுக்காமல் ஒரு தொங்கல் வளைவு விட்டுக் கட்டினால், மழைநீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், கனெக்டரை நோக்கி ஓடாது. வீட்டுச் சுவரில் நுழையும் இடத்திலும் அதே தொங்கல் வேண்டும்.

மழை பெய்தால் போய்விடுகிறது. இது கோளாறா?

கொட்டுகிற மழையில் போவது கோளாறு இல்லை. வீட்டு டிடிஎச் சிக்னல் வருவது கேயூ பேண்டில், ஏறக்குறைய 11, 12 கிகாஹெர்ட்ஸில். அதன் அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான். பெரிய மழைத்துளிகள் அதை உறிஞ்சியும் சிதறடித்தும் விடும். கருமேகம் திரண்டு மழை விழும் முன்பே படம் போவதும் இதனால்தான்: செயற்கைக்கோள் இருக்கும் திசையில் ஏற்கெனவே பெய்துகொண்டிருக்கும்.

தூறலுக்கே போனால் அது கோளாறு. வெயில் நாளிலேயே உங்கள் சிக்னல் விளிம்பில் நின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். டிஷ் அரை டிகிரி தள்ளியிருக்கலாம், எல்என்பி கிழடாகியிருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் பெரிய டிஷ் வாங்குவது வீண்.

எல்லாம் சரியாக இருந்தும் ஐப்பசி, கார்த்திகையில் தொல்லை தாங்கவில்லை என்றால் 90 செ.மீ. டிஷ் உதவும். பரப்பு 2.25 மடங்கு, சிக்னலில் மூன்றரை டெசிபல் கூடும். நடுத்தர மழையைத் தாண்டிவிடலாம், புயல் மழையைத் தாண்ட முடியாது. கூடவே 90 செ.மீ. டிஷ்ஷின் பார்வை குறுகலானது என்பதையும் காற்றை அதிகம் வாங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். 60 செ.மீ.க்குப் போட்ட பழைய குழாயிலேயே அதை மாட்டினால் மழைக்கு முன் காற்றிலேயே போய்விடும்.

மழை விட்டு வெயிலே வந்துவிட்டது, இன்னும் வரவில்லை.

தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது. எல்என்பி கனெக்டரைக் கழற்றி உதறிப் பாருங்கள். நல்ல துணியால் துடைத்து, ஒயர் முனையை ஒரு சாண் வெட்டி எறிந்துவிட்டுப் புதிய கனெக்டர் போடுங்கள். வலைப்பின்னல் கறுத்திருந்தால், பளபளப்பான பகுதி வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். எல்என்பியின் முகத்தில் உள்ள பிளாஸ்டிக் மூடியையும் பாருங்கள். நாலைந்து வருட வெயிலில் அது வெடித்துவிடும். உள்ளே தண்ணீர் நிற்கும், குளவி கூடு கட்டும். வெடித்த மூடியை பாலித்தீன் கவர் போட்டுக் கட்டி வைப்பதைப் பல மாடிகளில் பார்க்கலாம். ஒரு வாரத்துக்கு ஓடும். பிறகு கவருக்குள்ளேயே வியர்த்து, அந்த ஈரமே சிக்னலை மறைக்கும்.

காலையில் வருவதில்லை, பத்து மணிக்கு மேல் தானாக வருகிறது. இன்னொரு வீட்டில் நேர்மாறாக, மதியம் மட்டும் போகிறது. ஏன்?

காலையில் போனால் ஈரம். இரவுப் பனி கனெக்டருக்குள்ளோ எல்என்பி மூடிக்குள்ளோ கோத்துக்கொண்டு, வெயில் ஏறியதும் காய்கிறது. மார்கழியில் இது அதிகம். மதியம் போனால் சூடு: எல்என்பிக்குள் உள்ள அலையியற்றியின் அதிர்வெண் சூட்டில் நகர்கிறது, அல்லது உள்ளே விரிசல் விட்ட ஒரு பற்றவைப்பு விரிந்து தொடர்பு அறுகிறது. ஈரத் துணியை எல்என்பியின் உடல்மீது மட்டும், முகத்தை மறைக்காமல், போர்த்திப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் படம் வந்தால் எல்என்பியை மாற்றிவிடலாம்.

பாதி சேனல் நன்றாக வருகிறது, பாதி வரவில்லை.

வராத சேனல்கள் ஏதோ ஒரு ஒழுங்கில் போயிருக்கும். அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. பெட்டி 13 வோல்ட் அனுப்பினால் எல்என்பி செங்குத்து அலைகளை எடுக்கும், 18 அனுப்பினால் கிடைமட்ட அலைகளை எடுக்கும். இரண்டுக்கும் எல்லை ஏறக்குறைய 15 வோல்ட். முன்பு சொன்னதுபோல ஒயரில் 3, 4 வோல்ட் கசிந்தால், பெட்டி 18 என்று அனுப்பியது எல்என்பிக்கு 14 ஆகப் போய்ச் சேரும். அது செங்குத்திலேயே நின்றுவிடும். கிடைமட்ட சேனல்கள் எல்லாம் கூண்டோடு காணாமல் போகும். பெட்டியின் அடாப்டர் நலிந்திருந்தாலும் இதே கதைதான். கூடவே சேனல் மாற்றும்போது பெட்டி ரீஸ்டார்ட் ஆனால் அடாப்டரையே முதலில் சந்தேகியுங்கள்.

இன்னொரு காரணம் எல்என்பியின் சாய்வு. தமிழ்நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால், கிழக்கே தள்ளியிருக்கும் செயற்கைக்கோள்களுக்கு எல்என்பியை நிறையத் திருப்ப வேண்டும். செயற்கைக்கோள்களை அவை நிற்கும் கிழக்குத் தீர்க்கரேகை டிகிரியால் குறிப்பார்கள். பொதுக் கணக்குப்படி, ஃப்ரீ டிஷ்ஷின் 93.5 டிகிரிக்குச் சென்னையில் சுமார் 45 டிகிரி, மதுரையில் 57. டாடா பிளேயின் 83 டிகிரிக்குச் சென்னையில் 12 தான். டிஷ்ஷின் பின்னால் நின்று செயற்கைக்கோளை நோக்கினால் இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். இதைத் தொடக்கமாக வைத்து, வராத சேனல் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஐந்தைந்து டிகிரியாகத் திருப்பிக் குவாலிட்டி உச்சத்தில் நிறுத்துங்கள்.

ஓரிரு சேனல் தொகுப்பு மட்டும் போய், பக்கத்தில் செல்போன் டவரும் இருந்தால் மூடாக்கு இல்லாத ஒயர் ஒட்டுகளைத் தேடுங்கள். செல்போன் அலைகளில் 1800, 2100 மெகாஹெர்ட்ஸ் வரிசைகள் நம் ஒயரில் ஓடும் அதிர்வெண்களோடு மோதுபவை. ஒழுங்கான கனெக்டர் போட்டால் நுழையாது.

எதிரே எதுவும் மறைக்கவில்லையே?

எதிரே பார்க்காதீர்கள், மேலே பாருங்கள். வீட்டு டிஷ்கள் பெரும்பாலும் ஆஃப்செட் வகை. அதன் முகம் காட்டும் திசையைவிட ஏறக்குறைய 25 டிகிரி உயரத்தில்தான் உண்மையில் பார்க்கிறது. சென்னையில் 93.5 டிகிரிச் செயற்கைக்கோள் அடிவானத்திலிருந்து 68 டிகிரி உயரத்தில் இருக்கிறது, கிட்டத்தட்ட உச்சிக்குப் பக்கம்.

ஆகவே தூரத்து அடுக்குமாடி உங்களை ஒன்றும் செய்யாது. டிஷ் மட்டத்துக்கு மேல் 10 மீட்டர் உயரும் தென்னை, 93.5 டிகிரிக்கு 4 மீட்டருக்குள் இருந்தால்தான் மறைக்கும். 83 டிகிரிக்கு 3 மீட்டருக்குள். ஏர்டெல்லின் 108.2 டிகிரி சென்னையில் 54 டிகிரி உயரம்தான் என்பதால் அதற்கு 7 மீட்டர் தள்ளி நிற்கும் மரமும் தொல்லை கொடுக்கும். ஒரே மாடியில் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் போவதன் ரகசியம் பல நேரம் இதுதான். தண்ணீர்த் தொட்டி, சோலார் ஹீட்டர், புதிதாகப் போட்ட தகரக் கூரை, துணிக்கொடியில் காயும் ஈரப் போர்வை ஆகியவையும் பட்டியலில் உண்டு.

மார்ச், செப்டம்பரில் சில நாள் பகலில் ஒரே நேரத்தில் சில நிமிடம் போகிறது.

சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது. அதன் இரைச்சல் சிக்னலை மூழ்கடிக்கிறது. தமிழ்நாட்டில் மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள் நடக்கும். 93.5 டிகிரிக்குக் காலை 11 மணி வாக்கில், 108.2க்கு 10 மணி வாக்கில், 83க்கு நண்பகலை ஒட்டி. எதையும் தொட வேண்டாம்.

அந்த நேரத்தை வேறு வகையில் பயன்படுத்திக்கொள்ளலாம். அப்போது சூரியன் நிற்கும் இடமே செயற்கைக்கோள் இருக்கும் இடம். மாடிக்குப் போய் டிஷ்ஷின் முகத்தில் மரக்கிளை, சுவர் எதன் நிழலாவது விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் அதுதான் மறைக்கிறது. எந்தக் கருவியும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லாது.

டிஷ்ஷை நானே திருப்பிச் சரிசெய்யலாமா?

தட்டையான மாடி, கைப்பிடிச் சுவர், பக்கத்தில் மின்கம்பி இல்லை என்றால் செய்யலாம். ஓட்டுக்கூரை, ஆஸ்பெஸ்டாஸ், சன்ஷேடு என்றால் டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். இடி மின்னல் நேரத்தில் எந்த மாடியும் வேண்டாம்.

கோணங்கள் இவை. வடக்கிலிருந்து வலமாக எண்ணினால், சென்னையில் 83 டிகிரிச் செயற்கைக்கோளுக்குத் திசை 168, உயரம் 74. டி2எச்சின் 88க்குத் திசை 149, உயரம் 72. ஃப்ரீ டிஷ் இருக்கும் ஜிசாட்-15க்கு, அதாவது 93.5க்கு, திசை 134, உயரம் 68. டிஷ் டிவியின் 95க்கு 131, 67. ஏர்டெல்லின் 108.2க்கு 113, 54. மதுரையில் 83க்கு 154, 77, 93.5க்கு 122, 69, 108.2க்கு 107, 53. சன் டைரக்ட் வைத்திருப்பவர்கள் பெட்டியின் இன்ஸ்டலேஷன் பக்கத்தில் எந்தச் செயற்கைக்கோள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். போனில் உள்ள திசைகாட்டியை இரும்புக் குழாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். இரண்டு மீட்டர் தள்ளி நின்று, தூரத்தில் ஒரு அடையாளம் குறித்துக்கொள்ளுங்கள்.

குழாய் செங்குத்தாக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்து முதலில் பாருங்கள். சாய்ந்த குழாயில் எந்த அளவும் பொய்தான். 10, 13 ஸ்பேனர்கள், ஒரு பென்சில், கீழே டிவி முன்னால் போனோடு ஒருவர். அவர் படிக்க வேண்டியது குவாலிட்டியை; ஸ்ட்ரெங்த்தை அல்ல.

போல்ட்டை எடுப்பதற்கு முன் இப்போதைய நிலையைக் குழாயிலும் கிளாம்பிலும் பென்சிலால் கோடு போடுங்கள். தவறினால் திரும்பி வர வழி வேண்டும். உயரத்தைக் கிளாம்பில் உள்ள அளவுகோலில் வைத்துவிட்டு, டிஷ்ஷைப் பக்கவாட்டில் கொஞ்சம் நகர்த்தி ஐந்து விநாடி நிறுத்துங்கள். பெட்டி சிக்னலைப் பிடிக்க நேரம் எடுக்கும். விடாமல் திருப்பிக்கொண்டே போனால் சரியான இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பீர்கள். குவாலிட்டி எழுந்ததும், அது இரு பக்கமும் ஒரே அளவுக்கு விழும் இடங்களைக் குறித்து நடுவில் நிறுத்துங்கள். அடுத்து உயரத்தை அதேபோல். கடைசியில் எல்என்பி சாய்வு.

நம் ஊருக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது. செயற்கைக்கோள் இவ்வளவு உயரத்தில் இருப்பதால், பக்கவாட்டில் ஒரு டிகிரி திருப்பினால் பார்வை உண்மையில் நகர்வது மூன்றில் ஒரு பங்கு டிகிரிதான். மேல் கீழாக ஒரு டிகிரி என்றால் முழுசாக ஒரு டிகிரி நகரும். 60 செ.மீ. டிஷ்ஷின் விளிம்பில் அது 5 மி.மீ. மட்டுமே. ஒன்றரை டிகிரி தப்பினால் சிக்னலில் பாதி போய்விடும். பக்கவாட்டில் தாராளமாகத் தேடலாம்; உயர போல்ட்டில் மட்டும் மயிரிழையாக வேலை செய்யுங்கள். இறுக்கும்போதும் ஒரு பக்கத்தை முழுதாக இறுக்காமல் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கால் சுற்றாக இறுக்குங்கள். இறுக்கி முடிந்ததும் குவாலிட்டியை மறுபடி கேளுங்கள். இறுக்கும்போதே நகர்ந்திருக்கும்.

செயற்கைக்கோளைத் தேட உதவும் சாட் ஃபைண்டர் மீட்டர் வாங்கலாமா?

முள் அசையும் மலிவு மீட்டர் ஏதோ ஒரு செயற்கைக்கோளைக் காட்டும். உங்களுடையதா என்று சொல்லாது. 93.5க்கும் 95க்கும் இடையே இருப்பது ஒன்றரை டிகிரிதான். ஒருமுறை வேலைக்குப் பெட்டியின் குவாலிட்டி பட்டையே போதும்.

ஒவ்வொரு ஆடியிலும் சிக்னல் போகிறது.

ஆடிக்காற்றில் அம்மியே நகரும், அரை அங்குல போல்ட் நகராதா? டிஷ்ஷை விளிம்பில் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். குழாய் ஆடினால் அடியில் உள்ள ஆங்கர் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றன. செங்கல்மேல் பூசிய சிமென்டில் போட்டவை எப்போதும் தளரும், கான்கிரீட்டில் போட வேண்டும். குழாய் நின்று டிஷ் மட்டும் ஆடினால் கிளாம்ப். ஸ்பிரிங் வாஷர் போட்டு இறுக்குங்கள். கடலோர ஊர்களில் துரு ஏறிய போல்ட்டைத் திருகும்போது அது முறிவதே வழக்கம். முந்தைய நாளே எண்ணெய் விட்டு, துருப்பிடிக்காத ஸ்டீல் போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். டிஷ் கையில் துணிக்கொடி கட்டியிருந்தால் அதை இன்றே அவிழ்த்துவிடுங்கள். காகம் உட்காருவதால் ஒன்றும் ஆகாது; குரங்கு தொங்கினால் ஆகும்.

ஒரே டிஷ்ஷில் இரண்டு டிவி போட ஸ்ப்ளிட்டர் போதுமா?

போதாது. ஒரு பெட்டி 13 வோல்ட் கேட்கும்போது மற்றது 18 கேட்டால் எல்என்பி ஒன்றுக்குத்தான் கீழ்ப்படியும். இரட்டை வெளியீடு உள்ள ட்வின் எல்என்பி போட்டு, இரண்டு பெட்டிக்கும் தனித்தனி ஒயர் இழுங்கள்.

பழைய டிஷ்ஷை ஃப்ரீ டிஷ்ஷுக்குப் பயன்படுத்தலாமா?

தட்டு நெளியாமல் இருந்தால் தாராளமாக. விளிம்பின் குறுக்கே இரண்டு நூலைச் சிலுவையாகக் கட்டிப் பாருங்கள். நடுவில் இரண்டும் தொட்டுக்கொண்டு நின்றால் தட்டு நேர். எல்என்பி ஸ்டிக்கரில் 9750/10600 என்று இருக்க வேண்டும், பெட்டியின் மெனுவிலும் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். 83 டிகிரிக்கு வைத்திருந்த டிஷ் என்றால் சென்னையில் பக்கவாட்டில் 34 டிகிரி கிழக்கே திருப்பி, 6 டிகிரி தாழ்த்தி, எல்என்பியையும் திருப்ப வேண்டும். குவாலிட்டி நன்றாக இருந்தும் ஃப்ரீ டிஷ்ஷில் சில சேனல்கள் மட்டும் வராவிட்டால், பெட்டி பழைய எம்பெக்-2 வகையா (படத்தைச் சுருக்கி அனுப்பும் பழைய முறை) என்று பாருங்கள். எம்பெக்-4இல் வரும் சேனல்களை அதனால் காட்ட முடியாது. டிஷ்ஷை எத்தனை முறை திருப்பினாலும் பயனில்லை.

டெக்னீஷியன் வந்தால் போகும் முன் எதைச் சரிபார்ப்பது?

குவாலிட்டி எண்ணைக் குறைந்தது நான்கு வெவ்வேறு சேனல்களில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்; நல்ல சிக்னல் ஒன்றை மட்டும் காட்டிவிட்டுக் கிளம்புவது எளிது. எச்டி சேனல் ஒன்று அதில் இருக்கட்டும், சிக்னல் விளிம்பில் இருந்தால் பெரும்பாலும் அதுதான் முதலில் உடையும். மாடிக்குப் போய்க் கனெக்டரில் ரப்பர் பூட் ஏறியிருக்கிறதா, ஒயரில் தொங்கல் இருக்கிறதா, கிளாம்ப் போல்ட்டுகள் அத்தனையும் இறுகியிருக்கின்றனவா என்று கையால் தொட்டுப் பாருங்கள். பழைய எல்என்பியை மாற்றியிருந்தால் அதைக் கேட்டு வாங்கி வையுங்கள். அவர் இருக்கும்போதே டிஷ்மேல் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, வடிந்ததும் குவாலிட்டி பழைய எண்ணுக்குத் திரும்புகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.